ஆளிமுறை விரியலாக்கியும் சிறு மின்கலமும்: ஒரு தொழினுட்ப வரலாற்று நோக்கு

விரியலாக்கியின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் வசதி படைத்த இல்லங்களின் இசையறைகளிலிருந்தே நோக்கப்பட்டு வந்துள்ளது. எந்தக் கருவி எத்துணைத் தூய்மையாக ஒலித்தது, எவர் முதலிற் சந்தைக்குக் கொண்டுவந்தார் என்பனவே அவ்வரலாற்றாசிரியர் எழுப்பிய வினாக்களாம். சுவரிலுள்ள மின்வழங்கலிலிருந்து வேண்டியவளவு சக்தியைப் பெறக்கூடியவனுக்கு இவையே முதன்மையான வினாக்களாகத் தோன்றுதல் இயல்பு. ஆனால் ஒரு சிறு மின்கலத்தையே நம்பியிருக்கும் கேட்போனுடைய வினா வேறு. கலம் எத்தனை நாளைக்குப் போதும்? மறு கலத்துக்கு எவ்வளவு செலவாகும்? இவ்வினாவிலிருந்து நோக்குமிடத்து ‘டி’ வகுப்பு விரியலாக்கி எனப்படும் ஆளிமுறை விரியலாக்கியின் வரலாறு முற்றிலும் வேறான வடிவத்தைப் பெறுகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயல்வதாகும். இசையறை வரலாற்றிலே தோல்வியாகவும் விந்தையாகவும் இடம்பெறும் இக்கருவி, செவிப்புலன் குன்றியோரின் காதிலே ஓர் இன்றியமையாத் தேவையின் விடையாக அமைந்தது.

பௌதிகவியல் பயிலாத வாசகர் பொருட்டுச் சில அடிப்படைகளைக் கூறுதல் வேண்டும். விரியலாக்கி என்பது நலிந்த ஒலிக்குறியை வலியதாக்குவது. அவ்வலிமை குறியிலிருந்து பிறப்பதன்று, மின்கலத்திலிருந்து பெறப்படுவது. கலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்கும் திரான்சிற்றர் வாய்க்காலின் மடையை ஒத்தது. மரபுவழி விரியலாக்கியில் இந்த மடை எப்பொழுதும் பாதி திறந்த நிலையிலேயே, சற்றுக் கூட்டியும் குறைத்தும் இயக்கப்படுகின்றது. பாதி திறந்த மடையிலே மின்னோட்டமும் உண்டு, மின்னழுத்தமும் உண்டு. இவ்விரண்டின் பெருக்கம் வெப்பமாக வீணாகின்றது. ஆளிமுறையில் மடை ஒன்றில் முற்றாகத் திறந்திருக்கும், அன்றேல் முற்றாக மூடியிருக்கும். மூடிய மடையில் ஓட்டம் இல்லை. முற்றாகத் திறந்த மடையில் அழுத்த இழப்பு இல்லை எனலாம். ஆகவே இரு நிலையிலும் வீணாகும் சக்தி மிகச் சிறிது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை எவ்வாறு உணர்த்துவது? திறந்திருக்கும் நேரத்துக்கும் மூடியிருக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தினால். செவிக்குக் கேளாத வேகத்திலே, அதாவது செக்கனுக்குச் சில இலட்சம் முறை, இம்மடை திறந்து மூடப்படுகின்றது. கிடைக்கும் துடிப்புக்களின் சராசரியே ஒலியாக வெளிப்படுகின்றது. சராசரி எடுக்கும் பணியைத் தூண்டற் சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த வடிகட்டி செய்யும். ‘ஆள்’ என்னும் அடியிலிருந்து பிறந்த ‘ஆளி’ என்ற சொல்லை எமது விஞ்ஞானப் பாடநூல்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. மின்விளக்கின் பொத்தானுக்கு அது சற்றுப் பெரிய பெயரேயாயினும் இக்கருவிக்கு மிகப் பொருந்துகின்றது.

வினைத்திறன் பற்றிய எண்களிலேதான் மயக்கம் மிகுதி. ‘ஏ’ வகுப்பு விரியலாக்கி ஒலி இருப்பினும் இல்லாவிடினும் ஒரே அளவு மின்னோட்டத்தைக் குடித்துக்கொண்டிருப்பது; மாற்றியைப் பயன்படுத்தினும் அதன் உச்ச வினைத்திறன் கொள்கையளவில் 50 வீதத்தைத் தாண்டாது. ‘பி’ வகுப்பின் உச்சம் 78.5 வீதம். பாடநூல்கள் இவ்வெண்களை அருகருகே நிறுத்தி, 78.5 எங்கே, ஆளிமுறையின் 90 எங்கே, வேறுபாடு சிறிதன்றோ என்ற எண்ணத்தை மாணவருக்கு உண்டாக்குகின்றன. உண்மை அதுவன்று. 78.5 என்பது கருவி தன் முழு வலிமையோடும் அலறும்போது மட்டும் கிடைப்பது. ‘பி’ வகுப்பிலே வினைத்திறன் அலையின் வீச்சத்தோடு நேர்விகிதத்தில் வீழ்கின்றது. வீச்சம் பாதியானால் ஏறத்தாழ 39 வீதம். பத்திலொன்றானால் 8 வீதத்துக்கும் குறைவு. மனிதப் பேச்சும் இசையும் உச்சத்தை எப்பொழுதேனும் தொட்டுவிட்டுப் பெரும்பொழுதைத் தாழ்ந்த மட்டத்திலேயே கழிப்பன. எனவே நாளாந்தக் கேட்டலில் மின்கலத்தின் பத்திலொன்பது பங்கு வெப்பமாகவே போய்விடுகின்றது. அறிவிப்புத் தாள்களில் எழுதப்படும் வினைத்திறன் கேட்போனின் அனுபவத்திலுள்ள வினைத்திறன் அன்று. இவ்வேறுபாடு இவ்வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்பதை மேலே காண்போம்.

திரான்சிற்றர் 1947 திசெம்பரில் பெல் ஆய்வுகூடத்திலே பிறந்தது. வர்த்தகப் பொருளாக அது முதன்முதலில் நுழைந்த இடம் வானொலியன்று, செவிப்புலனுதவிக் கருவியே. 1952ஆம் ஆண்டின் இறுதியில் சொனோற்றோன் நிறுவனம் வெற்றிடக் குழாய்களோடு ஒரு திரான்சிற்றரையும் சேர்த்த கருவியை வெளியிட்டது. அலெக்சாந்தர் கிரகாம் பெல் காது கேளாதோருக்காகப் பணிபுரிந்தவர் என்பதனால் செவிப்புலனுதவிகளுக்கு மட்டும் உரிமைக் கட்டணம் விலக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னரே, 1954 ஒற்றோபரில், றீஜென்சி ‘ரி. ஆர். 1’ என்ற முதற் சட்டைப்பை வானொலி அமெரிக்காவில் 49.95 டொலருக்கு வந்தது. நான்கு திரான்சிற்றர்களும் 22.5 உவோற்று மின்கலவடுக்கும் கொண்ட அக்கருவியின் ஒலிப்பகுதி ‘ஏ’ வகுப்பைச் சார்ந்தது. அடுத்து வந்த ஆறு திரான்சிற்றர் வானொலிகள் இரு திரான்சிற்றர்கள் மாறிமாறி இயங்கும் ‘பி’ வகுப்பைக் கைக்கொண்டன. கிராமத்துத் திண்ணைகளிலே வானொலி பேசத் தொடங்கியதற்கு இம்மாற்றமும் ஒரு காரணம் என்பதைப் பொதுசனத் தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் நினைவிற் கொள்ளல் நன்று.

ஆளிமுறை பற்றிய கருத்து இக்கருவிகளுக்கு முற்பட்ட அறிவையே அடிப்படையாகக் கொண்டது. துடிப்பின் அகலத்திலே குறியை ஏற்றும்போது எத்தகைய அதிர்வுகள் தோன்றும் என்பதைக் கணிப்பதற்கான முறையை டபிள்யூ. ஆர். பெனற் 1933இலேயே பெல் நிறுவனத்தின் ஆய்வேட்டில் வெளியிட்டிருந்தார். மறைப் பின்னூட்டலை 1927இற் கண்டறிந்த ஹரல்ட் பிளக் 1953இல் எழுதிய நூலில் அக்கணிப்பு விரிவாக எடுத்தாளப்பட்டுள்ளது. துடிப்புக் குறியீட்டு முறையை 1937இற் கண்டறிந்த ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் றீவ்சுக்கே 1950களில் ‘டி’ வகுப்பு விரியலாக்கியின் முதற் கருத்துருவமும் உரியதெனப் பொதுவாகக் கூறுவர். ‘டி’ என்ற எழுத்து இலக்கமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து எனப் பலரும் கருதுவது தவறு. ஏ, பி, சி என்பவற்றை அடுத்து நின்ற எழுத்து அது, அவ்வளவே. துடிப்பின் அகலம் தொடர்ச்சியாக மாறுவதாதலின் மூலக்கருவி இலக்கமுறைக் கருவியும் அன்று.

இக்கருத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பிரித்தானியாவின் கிளைவ் சின்கிளேர். 1961இல் அவர் நிறுவிய சின்கிளேர் றேடியோனிக்ஸ் 1964இல் ‘எக்ஸ். 10’ என்ற விரியலாக்கியை, வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் உதிரித் தொகுதியாக விற்றது. பெயரிலே பத்து இருந்தது, வெளிப்பட்டதோ 2.5 உவாற்று. 1965இல் வந்த ‘எக்ஸ். 20’ இருபது உவாற்றைத் தரக்கூடியதாயினும் அக்காலச் சேர்மானியத் திரான்சிற்றர்களின் ஒழுங்கின்மைக்கு இரையாயிற்று. இதனைச் சின்கிளேரின் அவசரத்துக்குச் சான்றாகச் சிலரும், காலத்தை முந்திய மேதைமைக்குச் சான்றாகச் சிலரும் காட்டுவர். இரு சாராரும் தனிமனிதரையே நோக்குகின்றனர். நாமோ பொருளின் நிலையையே நோக்க விரும்புகின்றோம். அக்காலத் திரான்சிற்றரை முற்றாகத் திறந்தால் அதனுள்ளே மின்னேற்றம் தேங்கும். மூடும்படி கட்டளையிட்டபின்பும் தேங்கிய ஏற்றம் வடியும்வரை அது திறந்தேயிருக்கும். இரண்டு ஆளிகள் மாறிமாறி இயங்கவேண்டிய சுற்றிலே ஒன்று மூடுமுன் மற்றொன்று திறந்தால் மின்கலம் நேரே குறுக்கிடப்பட்டு இரண்டும் எரியும். இதைத் தவிர்ப்பதற்கு இடையிலே சற்று வெறுமை நேரம் விடவேண்டும். அவ்வெறுமையோ ஒலியிலே திரிபாக வெளிப்படும். செக்கனுக்கு 250,000 முறை இயங்கும் இன்றைய கருவியின் ஒரு சுழற்சி 4 மைக்குரோ செக்கன். அதில் 40 நனோ செக்கன் வெறுமைகூட நூற்றிலொரு பங்காகிவிடுகின்றது. மைக்குரோ செக்கன் கணக்கிலே தயங்கிய சேர்மானியத்தைக்கொண்டு இதனைச் செவ்வையாகச் செய்திருத்தல் எவ்வாறு? ஓர் எண்ணம் சரியாயிருப்பதும் அது நிகழ்வதற்குரிய பொருளாதாரப் பௌதிக நிலைமைகள் முதிர்ந்திருப்பதும் வெவ்வேறானவை.

நிலைமைகள் முதிர்ந்த வழி ஒலியியலாளருடையதன்று. உலோக ஒட்சைட்டுப் புலவிளைவுத் திரான்சிற்றரை 1959இற் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டியோர் எகிப்தியரான முகம்மது அற்றாலாவும் கொரியரான டாவன் காங்கும் ஆவர். இதிலே ஏற்றத் தேக்கம் இல்லை. நிலையை மாற்றும் கணத்தில் மட்டும் சிறிதளவு ஏற்றம் போதும். பெருஞ் சக்தியைத் தாங்கவல்ல இவ்வகைத் திரான்சிற்றர்கள் 1970களின் பிற்பகுதியிலேதான் பரவலாக விற்பனைக்கு வந்தன. கணினிகளின் மின்வழங்கலைச் சிறிதாக்கவும் மின்னோடிகளை ஆளவும் கைத்தொழில் இவற்றை வேண்டிநின்றது. ஒலித்துறை அதன் பயனை நுகர்ந்தது. 1978இல் சொனி நிறுவனம் புலவிளைவுத் திரான்சிற்றர்களைக் கொண்ட ‘ரி. ஏ. – என். 88’ என்ற ஆளிமுறை விரியலாக்கியை வெளியிட்டது. அது வியந்து பாராட்டப்பட்டது. ஆயினும் இசையறைகள் மாறவில்லை. ஏன் மாறவேண்டும்? சுவரிலே மின்சாரம் இருக்கும்போது நூறு உவாற்று வெப்பமாவது அறையைச் சற்றுச் சூடாக்குவதன்றி வேறு கேடு செய்வதில்லை.

அதே காலப்பகுதியிலே ஆளிமுறை உண்மையாக வேரூன்றிய இடம் ஒன்றுண்டு. அது நடுவலை வானொலி அலைபரப்பி. ஹாரிஸ் நிறுவனத்தின் ஹில்மர் சுவான்சன் போன்றோர் துடிப்பு நீள முறையினால் ஒலிக்குறியைப் பல கிலோ உவாற்று வலிமைக்கு உயர்த்தினர். நாள் முழுவதும் இயங்கும் நிலையத்திலே வினைத்திறனிற் சில வீதம் உயர்ந்தாலும் மின்கட்டணப் பட்டியலில் அது தெரியும். சக்தியின் விலை உறைத்த இடத்திலே கருத்து நிலைத்தது; உறைக்காத இடத்தில் அது காட்சிப்பொருளாயிற்று. இச்சக்திவிலை உறைக்கும் மற்றொரு முனை, இலட்சம் மடங்கிற்கும் மேலாகச் சிறிய முனை, காதின் துவாரம்.

செவிப்புலனுதவியின் மின்கலம் ஒரே கலம். நாகவளிக் கலமாயின் அதன் அழுத்தம் 1.4 உவோற்று. 1980களிலே கருவி காதின் பின்புறத்திலிருந்து காதினுள் நகரத் தொடங்கியது. 1983இல் அமெரிக்க சனாதிபதி றேகன் அத்தகைய கருவியை அணிந்து பொதுவிலே தோன்றியமை அவ்விருப்பத்தை மேலும் தூண்டியது. கருவி சிறுக்கவே கலமும் சிறுத்தது. ஆனால் உள்ளேயிருந்த விரியலாக்கியோ பெரும்பாலும் ‘ஏ’ வகுப்பே. அமைதியான அறையில் உறங்குபவனின் காதிலும் அது தன் முழுப்பங்கைக் குடித்துக்கொண்டிருந்தது. கலத்தின் ஆயுளை நீட்டுவதற்கு உற்பத்தியாளர் கையாண்ட வழி அந்தப் பங்கைக் குறைத்து விரியலாக்கியைப் பட்டினி போடுவதாகும். பட்டினி கிடந்த விரியலாக்கி மெல்லிய பேச்சைச் சமாளித்தது; கோப்பைகள் மோதும் ஓசை, பலர் ஒருங்கே பேசுதல், அணிந்திருப்பவனின் சொந்தக் குரல் ஆகியன வந்தவுடன் அலையின் உச்சிகளை வெட்டித் திரித்தது. முதியவர்கள் கருவியை வாங்கிப் பெட்டியிலே மூடிவைப்பதற்கு அவர்தம் பிடிவாதமே காரணம் என வீட்டார் கூறுவது எல்லா நாடுகளிலும் கேட்கும் பேச்சு. அப்பிடிவாதத்தின் ஒரு பகுதி மின்னோட்டத்தைச் சிக்கனம் பிடித்த வடிவமைப்பிலிருந்தது என்பதை அக்காலச் செவிப்புலனியல் ஆய்வாளர் சிலர் வலியுறுத்தினர்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நோல்ஸ் இலத்திரனியல் நிறுவனம் இதற்குத் தீர்வொன்றை முன்வைத்தது. காதினுள் ஒலியெழுப்பும் நுண் ஒலிபெருக்கியின் உலோகக் கூட்டினுள்ளேயே ‘டி’ வகுப்பு விரியலாக்கியொன்றைப் பொருத்தினர். தனியான வடிகட்டி அதிலே இல்லை. ஒலிபெருக்கியின் சுருளே தூண்டியாக நின்று அதிவேகத் துடிப்புக்களைத் தடுத்துச் சராசரியை மட்டும் ஏற்றுக்கொண்டது. துடிப்புக்கள் வெளிக்கம்பிகளில் ஓடவேண்டியிராமையால் அயலிலே இரைச்சலைப் பரப்புவதும் அரிது. அமைதியில் மிகக் குறைந்த ஓட்டமும், உரத்த ஒலி வரும்போது மட்டும் வேண்டியவளவு ஓட்டமும் பெறுவதால், கலத்தையும் காத்து உச்சிகளையும் வெட்டாது விட முடிந்தது. 1960களின் முயற்சி எதிர்நோக்கிய மூன்று தடைகளான மெதுவான ஆளி, வடிகட்டியின் பருமன், அயலுக்குச் செய்யும் தொல்லை என்பன ஒரு சிறு கூட்டினுள்ளே ஒருங்கே தீர்க்கப்பட்டமை எமது கருத்தில் இவ்வரலாற்றின் நடுநாயகமான நிகழ்ச்சியாகும். இசை இதழ்கள் இதைப் பொருட்படுத்தவில்லை.

அயலுக்குச் செய்யும் தொல்லை என்றோம். அதிவேகமாகத் திறந்து மூடும் ஆளி தன்னளவில் ஒரு சிறு அலைபரப்பி. கம்பி நீண்டால் அது வானலை வாங்கியாகவும் வழங்கியாகவும் மாறும். மின்கலத்திலே மிச்சம் பிடித்தவர் கருவியின் உரிமையாளர். இரைச்சலைச் சுமந்தவரோ பக்கத்து வீட்டு வானொலிக்காரர். இதனைச் சந்தை தானே சீர்செய்ததில்லை. சட்டமே சீர்செய்தது. ஐரோப்பாவில் மின்காந்த ஒத்திசைவு பற்றிய 1989ஆம் ஆண்டுப் பணிப்பு 1996 முதல் கட்டாயமாயிற்று. துடிப்புக்களின் மீடிறனை ஓரிடத்தில் நிறுத்தாது சற்றே அலையவிட்டு இரைச்சலைப் பரப்பி மெலிவிக்கும் முறை போன்றன இத்தகைய கட்டுப்பாடுகளின் அழுத்தத்திலே வளர்ந்தவை.

கைத்தொலைபேசி 2000ஆம் ஆண்டை அடுத்துப் பாட்டுக்களை ஒலிக்கத் தொடங்கியபோது இதே வினா கோடிக்கணக்கானோரின் சட்டைப்பைக்கு வந்தது. இங்கும் வடிகட்டிக்கு இடமில்லை. ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் நான்கு ஆளிகளால் இயக்கி, குறி இல்லாதபோது இரு முனைகளும் ஒருங்கே ஏறி ஒருங்கே இறங்குமாறு செய்தனர். அப்பொழுது முனைகளுக்கிடையே வேறுபாடு இல்லையாதலின் ஓட்டமும் இல்லை. ரெக்சாஸ் இன்ஸ்ற்றுமென்ற்ஸ் முதலிய நிறுவனங்கள் இம்முறையிலான நுண்சுற்றுக்களை அரிசிமணியினும் சற்றே பெரிய அளவில் ஆக்கின. தொலைபேசிக்கே உரிய இடர் ஒன்றும் இருந்தது. ஜீ. எஸ். எம். தொலைபேசி செக்கனுக்கு 217 முறை வெடிப்பாகச் செய்தியை அனுப்புகின்றது. ஒவ்வொரு வெடிப்பின்போதும் கலத்தின் அழுத்தம் சரிகின்றது. பின்னூட்டலில்லாத ஆளிமுறை விரியலாக்கி கலத்தின் அழுத்தத்தை அப்படியே ஒலியிலே பிரதி செய்வதாதலால் பேச்சினூடே ரீங்காரம் கேட்கும். பிளக் 1927இற் கண்ட மறைப் பின்னூட்டல் இங்கே மீண்டும் கைகொடுத்தது. அளவுக்கும் எல்லையுண்டு. 3.6 உவோற்றுக் கலம் 8 ஓம் ஒலிபெருக்கிக்கு, இழப்பே இல்லையெனக் கொண்டாலும், திரிபற்ற அலையாக 0.81 உவாற்றையே தரமுடியும். அதற்கு மேலும் உரத்து ஒலிக்கவேண்டுமென 2010களில் அழுத்தத்தை உயர்த்தும் சுற்றுக்களையும், ஒலிபெருக்கி கிழியாவண்ணம் அதன் அசைவைக் கணித்துக் கட்டுப்படுத்தும் முறைகளையும் சேர்த்தனர். மிஞ்சிய சக்தி இவ்வாறு ஓசையாயிற்று.

வடிவமைப்போர் எடுக்கும் ஒரு முடிவைச் சற்று உற்றுநோக்குவோம். ஆளித் திரான்சிற்றரைப் பெரிதாக்கினால் அதன் தடை குறையும். உரத்த ஒலியில் இழப்புக் குறையும். ஆனால் அதன் கொள்ளளவம் கூடும். ஒவ்வொரு முறை திறந்து மூடவும் அதிக ஏற்றம் வேண்டும். ஒலி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அந்தச் செலவு செக்கனுக்கு இலட்சக்கணக்கான முறை தொடர்ந்து நிகழும். பெரிய ஆளி உச்ச மட்டத்தில் 90 வீதத்தைக் காட்டும். தாழ்ந்த மட்டத்தில் கலத்தைத் தின்னும். சிறிய ஆளி மெல்லிய கேட்டலுக்கு உகந்தது. ஆயின் அறிவிப்புத் தாளிலே அதன் எண் மங்கலாகத் தெரியும். எந்த மட்டத்துக்கு வடிவமைப்பது என்ற வினாவுக்குப் பௌதிகவியலில் விடையில்லை. யார், எங்கே, எவ்வளவு உரப்பாகக் கேட்கின்றார் என்பதை அறிந்தாலன்றி அதற்கு விடையிறுக்க முடியாது. ஆளியைப் பல சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது வேண்டிய கூறுகளை மட்டும் இயக்கும் சுற்றுக்கள் இன்று உள்ளன. அவை இப்பிணக்கை ஓரளவு தணிக்கின்றன. விலையைச் சற்றுக் கூட்டுகின்றன.

இசையறையும் ஈற்றிலே மாறிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவிற் பிறந்த ஆதியா திரிபாதி 1995இற் கலிபோர்னியாவில் நிறுவிய ட்றைபாத் நிறுவனத்தின் ‘ரி. ஏ. 2020’ என்ற நுண்சுற்று, மலிந்த விலையிலே நல்ல ஒலியைத் தரமுடியும் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. நிறுவனம் 2007இல் முறிந்தது. அதன் முறைகள் வேறு கைகளுக்குச் சென்றன. இசை ஆர்வலர் நூல்களிலே இப்பகுதிக்கு அதிக இடம் கிடைத்திருப்பதால் நாம் இதனை விரிக்கவில்லை.

செவிப்புலனுதவிக்கு மீள்வோம். 1996இல் முற்றிலும் இலக்கமுறையிலான கருவிகளை விடெக்ஸ், ஒட்டிக்கொன் ஆகிய தென்மார்க்கு நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், துடிப்புக்களாலேயே ஒலிபெருக்கியை நேரடியாக இயக்குதல் அத்துறையின் வழக்கமாயிற்று. இவ்வாறு மிச்சம் பிடிக்கப்பட்ட சக்தியைக்கொண்டு ஒரே அளவுக் கலத்தை நீண்டகாலம் பயன்படுத்தியிருக்கலாம். சந்தையோ கருவியைப் பிறர் கண்ணுக்குத் தெரியாதவாறு காதினுள்ளே ஆழப் புதைப்பதையே நாடிற்று. 10 என்ற எண்ணால் வழங்கும் கலத்தின் விட்டம் 5.8 மில்லிமீற்றர், உயரம் 3.6 மில்லிமீற்றர். சில நாட்களுக்கொருமுறை அதைக் கழற்றிப் புதியதைச் செருகவேண்டியவரோ பெரும்பாலும் விரல் நடுங்கும், கண் மங்கிய முதியவர்.